ஒன்பது கை உப்பு

ஜூன் 9, திங்கள்

டாக்டர் அம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து என்றால் பலசரக்கு லிஸ்ட்தான். இந்த நோட்டும் அதற்கு வாங்கியதுதான். முதல் நாலு பக்கத்தில் யாரோ வீட்டுக் கல்யாணத்துத் துவரம்பருப்பும் வெல்லமும் கிடக்கின்றன.

பங்குனியில் வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. மூச்சு வருகிறது, போகிறது. மணம் மட்டும் இல்லை. மல்லிகையும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். வேறு எவனுக்காவது வந்திருந்தால் தொலையட்டும் என்று இருந்திருப்பான். நான் ஆவுடையப்பன். திருநெல்வேலியைச் சுற்றி முப்பது வருஷமாகக் கல்யாணங்களுக்கு ஆக்கிப் போடுகிறவன். பிள்ளையாருக்கு முதல் இலை போடும்வரை நாங்கள் ஆக்கியதை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. அண்டாவின் மேல் கையை விசிறி, ஆவியை முகத்துக்கு இழுத்து, மணத்தைக் கொண்டே பதம் சொல்வேன். "ஆவுடையப்ப அண்ணாச்சி மூக்காலேயே உப்புச் சொல்லுவாரு" என்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அந்த மூக்குதான் போயிருக்கிறது.

டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உப்புக்கு மணமே கிடையாதுங்களே" என்றார். படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

வைத்தியம் நாலு பாட்டில். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். தெரிகிறதா இல்லையா என்று எழுத வேண்டுமாம். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலே போகலாம். "வீட்ல யாரையாவது அப்பப்ப பாட்டில மோந்து பாக்கச் சொல்லுங்க. மணம் போயிருந்தா மாத்திரணும்" என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? பாட்டில்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிரமுவிடம் சளிக்கு மருந்து வாங்கப் போனதாகச் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலை: நாலும் இல்லை. மாலை: நாலும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை: இல்லை.

இன்றைக்குப் பேட்டையில் ஒரு கல்யாணம். நல்லபடியாக முடிந்தது. சாம்பாரைப் பற்றி மூன்று பேர் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் குத்தாலம் இப்போதெல்லாம் வாயை மூடுவதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கைமாஸ்டர், அடுப்படியில் என் வலது கை. உரக்கப் பேசத் தெரியாத ஆள். இப்போது அண்டா அண்டாவாகப் போய்க் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறான். "ஆகா, பருப்பு வெந்த வாசன வந்துட்டு." "முந்திரி செவந்துட்டு போலருக்கே, மணம் தூக்குது." "புளி பச்ச வாட இன்னும் போகல, ஒரு கொதி விடணும்." யாரும் கேட்கவில்லை. அவனே சொல்லி, அவனே தலையாட்டிக்கொள்கிறான்.

"ஏல, எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் நான் எறக்கணுமா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். "இல்ல அண்ணாச்சி, சும்மா வாய்ல வருது" என்றான். ஐம்பது வயதாகிறது, அதற்குள் இப்படியாகிவிட்டான்.

பந்தி முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மகள் குழலிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். ஆவணியில் கல்யாணம், ஆகஸ்ட் 29. "நீங்கதான் அண்ணாச்சி ஆக்கணும். அன்னைக்கு மட்டும் என்னால ஆக்குப்புரைக்கு வர முடியாது. பொண்ணப் பெத்தவன் மணவடையில நிக்கணும்லா."

நீ இல்லாவிட்டால் அடுப்பு எரியாதா என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலை: இல்லை. மாலை: தைலத்தில் மூக்குக்குள் ஒரு எரிச்சல். மணமா என்று கேட்டால் இல்லை.

வீட்டில் நிம்மதியாக ஒரு வெந்நீர் வைக்க முடியவில்லை. நான் கேஸைப் பற்ற வைத்தால் பிரமு எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் நிற்கிறாள். அணைத்துவிட்டு வெளியே வந்தால் பின்னாலேயே போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்க்கிறாள். சித்திரையில் ஒரு நாள் அடுப்பு அணைந்ததைக் கவனிக்காமல் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது உண்மைதான். யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காக இப்படியா? பால் பாத்திரத்தை என் கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைக்கிறாள். கேட்டால் பூனை வருகிறது என்கிறாள். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து பூனை கிடையாது.

ஜூன் 28, சனி

இல்லை. இல்லை. இல்லை. இல்லை. எழுதவே அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

அம்பாசமுத்திரத்தில் நேற்றுக் கல்யாணம், இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கத்தில் மறுவீட்டுக்குச் சொதிதான். தேங்காய்ப்பால்தான் அதில் எல்லாமே. சிறுபருப்பையும் காய்களையும் மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை விட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்ப் பெண் வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது அந்தச் சொதியில்தான் இருக்கிறது.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் வைத்தார். கையை உதறினார். அடுத்தவரும் அப்படியே. பெண்கள் பந்தியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தேங்காய் காறல். நூற்றைம்பது இலையில் சொதி அப்படியே கிடந்தது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தேங்காய் உரித்து உடைத்தது குத்தாலம். பார்த்து உடைக்க வேண்டியது அவன் பொறுப்பு. மகள் கல்யாண நினைப்பில் கவனம் இல்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "கண்ண எங்கல வச்சிருந்த?" அவன் பெண் வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டு, "என் தப்புதான்யா, நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றான். தப்பு என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஜூலை 8, செவ்வாய்

குத்தாலம் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

முந்தாநாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று.

தேங்காயை உடைத்துப் பால் பிழிந்ததும் குத்தாலம் என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, பழைய காய் கலந்திருக்கு. பாலு காறுது. தள்ளிட்டு வேற வாங்கிருவோம், நேரம் இருக்கு" என்றான். பக்கத்தில் பெண்ணின் மாமன்மார் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாலை ஒரு கரண்டியில் எடுத்து, எல்லோரும் பார்க்க மூக்குக்கு நேரே கொண்டுபோய், "நல்லாத்தான இருக்கு. என் மூக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிட்டு? ஊத்துல" என்றேன்.

ஊற்றினான்.

இதை டாக்டர் அம்மா படிப்பாரோ என்னவோ. படித்தால் படிக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. மற்ற வருஷங்களில் ஆடி என்றால் எனக்குக் குற்றால அருவி, எண்ணெய்க் குளியல், தூக்கம். இந்த வருஷம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன்.

சாப்பாடும் சனியனாகிவிட்டது. உப்பு தெரிகிறது, உறைப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது. ரசம் ரசமாக இல்லை. நெய் என்பது வழவழப்பு, அவ்வளவுதான். பிரமு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். "நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுகிறேன். நல்ல சாப்பாடு ஆக்கிப் போட்டே பேர் வாங்கியவன், வீட்டில் பொய் சொல்லிச் சாப்பிடுகிறேன்.

ஒருத்தனிடம் போய் 'எனக்கு இது முடியவில்லை' என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லாதது. ஒரு தடவை கடையநல்லூருக்கு ஆக்கப் போகும்போது வழி தப்பிவிட்டது. டீக்கடையில் கேட்போம் என்றான் குத்தாலம். வேண்டாம் என்று இரண்டு மணி நேரம் வயல்காட்டுக்குள் வண்டியைச் சுற்றவிட்டேன். கடைசியில் நான் தூங்கிவிட்டதாக நினைத்து அவன் இறங்கிப்போய்க் கேட்டுவந்தான். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

ஆற்றில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, இன்றைக்கு நான்தான் ஆக்குவேன் என்று பிரமுவை வெளியே அனுப்பினேன். அப்பாவுக்குப் படைக்கிற சோறு. இதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. சரி, வீட்டுச் சமையல்தானே, இரண்டு பேருக்கு ஆக்க எனக்கு மூக்கு எதற்கு என்று நினைத்தேன்.

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர் வீட்டிலிருந்து "என்னமோ கருகுது, யார் வீட்டுல?" என்று சத்தம். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரமு ஓடி வருகிறாள். பாத்திரம் கறுத்து, புகை என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. நான் வாழைக்காயைச் சீராக நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் போட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சளின்னு இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லப் போறீய?" என்றாள்.

"என்னத்தச் சொல்லுத?"

"எனக்குச் சித்திரையிலேயே தெரியும். கேஸு வீடு பூரா நெறஞ்சி கெடக்கு, நீங்க நடுவுல உக்காந்து பேப்பர் படிக்கீய. அன்னைக்கு ஒரு தீக்குச்சியக் கிழிச்சிருந்தா? நா எத்தன நாளு தூங்கலன்னு தெரியுமா உங்களுக்கு?"

நறுக்கிய வாழைக்காயைத் தட்டில் அள்ளிப் போட்டேன். அவளே பேசினாள். குத்தாலத்துக்கும் தெரியுமாம். பேட்டைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து, நான் இல்லாத நேரம் பார்த்து, "மைனி, அண்ணாச்சிக்கு மூக்கு வேல செய்யல. நா பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அப்பாவுக்கு ஓட்டலில் வாங்கிப் படைத்தோம். கல்யாணத்துக்கு ஆக்குகிற ஆவுடையப்பன் வீட்டு அமாவாசைக்கு ஓட்டல் சாப்பாடு.

ஜூலை 25, வெள்ளி

பாட்டிலைத் தொடவில்லை.

கோபம் அடங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாதமாக என்னை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு வாங்கித் தின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பேட்டைச் சாம்பார் குத்தாலத்தின் மூக்கு. அதற்கு முந்தின நாலு கல்யாணமும் அவன் மூக்கு. பாராட்டை மட்டும் நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நேரா வந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று பிரமுவிடம் கத்தினேன்.

"சொன்னா ஒத்துக்கிடுவியளா? அம்பாசமுத்திரத்துல குத்தாலம் தம்பி சொன்னானாமே. என்ன செஞ்சீய?" என்றாள்.

 சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, பதினெட்டாம் பெருக்கு

குத்தாலம் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'உன் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். எனக்கு முடியாது.' இவ்வளவுதான். பஸ்ஸில் சரியாக வந்தது. அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி இரண்டு தடவை சரிசெய்து வைத்தேன்.

அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு மாதமாகப் போனை எடுக்காதவன் வந்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தவன் மாதிரி நாற்காலியை எடுத்துப் போட்டான். கல்யாணப் பத்திரிகை அச்சாபீஸிலிருந்து மாதிரி வந்திருக்கிறது என்று கையில் கொடுத்தான்.

"படிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. சரியா இருக்கான்னு பாக்கத்தான் நாலு நாளா வச்சிருக்கேன்."

"குழலி படிக்க மாட்டாளா?"

"அவ படிச்சிட்டா. நீங்க படிக்கணும்லா."

படித்தேன். குலதெய்வத்தின் பெயர், ஊர், முகூர்த்த நேரம், மாப்பிள்ளை பெயர், குழல்மொழி என்று மகள் பெயர். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். குத்தாலத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும். ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

பத்திரிகையை மடித்துக்கொண்டே, "குத்தாலம், நான் ஆக்கல. எனக்கு மூக்கு போயிட்டு" என்றேன். வாயைத் திறந்து இதை முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியும்னா? தெரிஞ்சே உன் மவ கல்யாணத்தக் கெடுத்துக்கிடுவியா? அன்னைக்கு நீ பக்கத்துல இருக்க மாட்ட. அம்பாசமுத்திரத்துல என்னாச்சின்னு பாத்தேல்லா? அன்னைக்கு உன் மேல பழியத் தூக்கிப் போட்டேன். நீயும் கும்பிட்டுக்கிட்டு நின்ன."

"பின்ன, அத்தன பேரு முன்னால அண்ணாச்சிக்கு மூக்கு இல்லன்னு சொல்லச் சொல்லுதியளா?" என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கி வைத்தான். பிறகு அவன் குரல் ஏறிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிக் கேட்டதில்லை. "ஆனா அன்னைக்கு வலிச்சிது அண்ணாச்சி. இல்லன்னு சொல்ல மாட்டேன். மூக்கு போனதுக்கு ஒண்ணும் இல்ல. நா சொன்னத நீங்க கேக்கல பாருங்க, அதான். நீங்க லிஸ்ட் எழுதிக் குடுக்கீய. நான் அதத் தலகீழாப் பிடிச்சிருந்தாக்கூட எனக்குத் தெரியாது. கடையில நீட்டுதேன், சரக்கு வருது. இத்தன வருஷமா உங்க கண்ண வச்சித்தான் பொழைக்கேன். அதுக்காக நா ஆம்பள இல்லன்னு ஆயிட்டா? என் மூக்க மட்டும் நீங்க வாங்கிக்கிட மாட்டியளா?"

 மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "லிஸ்ட் எழுதணும், நோட்டக் கொண்டா" என்றுதான் வந்தது. நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரமுவிடம் கேட்க எட்டு நாள் ஆகிவிட்டது. ஒரு கேள்வி, ஒரு வரி. காலையில் கேட்கலாம் என்றால் அவள் வேலையாக இருக்கிறாள், மாலையில் கேட்கலாம் என்றால் நான் வேலையாக இருப்பதுபோல் இருக்கிறேன். எங்கள் ஆக்குப்புரையில் பெண்கள் காய் நறுக்க வருவார்கள், தேங்காய் துருவ வருவார்கள். அண்டாப் பக்கத்தில் நின்று பதம் சொல்ல ஒரு பெண் வந்ததில்லை. என் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? இதையெல்லாம் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"குழலி கல்யாணத்துக்கு நீ என் கூட நிக்கணும். அடுப்புக்கிட்ட."

 மோரை ஊற்றினாள். "வாரேன். ஆனா ஒண்ணு. காறுதுன்னு நா சொன்னா காறுதுதான். எல்லாரு முன்னாலயும் கரண்டியத் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது."

சரி என்றேன். சாப்பாட்டில் உப்பு கம்மி என்றும் சொன்னேன். இத்தனை நாள் அதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுத முடியவில்லை. கல்யாணத்தை எழுதுகிறேன்.

விடிய நாலு மணிக்குப் பிரமுவும் நானும் மண்டபத்துக்குப் போனோம். அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு வலப்பக்கம் வந்து நின்றாள். என் ஆட்களில் சங்கிலி என்று ஒருவன், கைமாஸ்டர் வேலைக்கு நேற்று அவனைத்தான் வைத்திருந்தேன். அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "எல்லாரும் இங்க கேளுங்க வே. எனக்கு மூக்கு வேல செய்யல, அஞ்சு மாசமாச்சி. இன்னைக்கு மூக்கு இவதான். இவ சொல்லுததுதான் பதம். சிரிக்கவன் இப்பவே சிரிச்சிக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை.  அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிரமு நன்றாகவே செய்தாள். நெய்யில் முந்திரி சிவக்கும்போது "இப்ப" என்றாள். எடுத்தோம். தேங்காயில் இரண்டு மூடியைத் தூரப் போட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. புளி கொதித்து முடிந்தது என்று நான் கண்ணால் பார்த்துச் சொன்னபோது, "இல்ல, இன்னுங் கொஞ்சம்" என்றாள். சரி என்று நின்றேன். நின்றுகொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எட்டு மணிக்குச் சாம்பார் உப்புக்கு வந்தது. முந்நூறு பேருக்கான அண்டா. வழக்கம்போல் கையை விசிறி ஆவியை முகத்துக்கு இழுத்தேன். பழக்கதோஷம். பிறகு சொன்னேன்: "ஒம்பது கை போடு."

சங்கிலி உப்புச் சாக்கில் கையை விட்டு நிறுத்தினான். "அண்ணாச்சி, யாரு கை?"

"யாரு கைன்னா?"

"இல்ல, என் கை சின்னது. குத்தாலண்ணன் கை சட்டுவம் மாதிரி இருக்கும். ஒம்பதுன்னா எந்தக் கைக்கு?"

பிரமுவைப் பார்த்தேன். அவளும் ஆவியை இழுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "உப்பு மணக்காதுங்க" என்றாள் மெதுவாக. "வாயில வச்சாத்தான் சொல்ல முடியும்." பிள்ளையாருக்கு இலை போட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷம். மூக்காலேயே உப்புச் சொல்லும் ஆவுடையப்பன். இருபத்திரண்டு வருஷமாக நான் ஒன்பது என்றது எந்த ஒன்பது என்று எனக்கே தெரியாது. நான் சொல்வேன், குத்தாலம் போடுவான், சாம்பார் சரியாக இருக்கும். அவன் கையில் எவ்வளவு இருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்துதான் நான் பிறர் தயவில் விழுந்தேன் என்று இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தேன். நல்ல மூக்கு இருந்த நாளிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

என் கையால் குத்துமதிப்பாகப் போட்டிருக்கலாம். போன ஆனியாக இருந்தால் போட்டிருப்பேன்.

"குத்தாலத்தக் கூட்டிட்டு வா" என்றேன் சங்கிலியிடம்.

"பொண்ணுக்கு அப்பாவ இப்பமா? மணவடையில இருப்பாரே."

"தாலிகட்டுக்கு ஒன்னர மணி நேரம் இருக்கு. அண்ணாச்சிக்கு உப்புப் போடத் தெரியலயாம், உடனே வரணும்னு சொல்லு. இதே வார்த்தையச் சொல்லு."

வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், தோளில் புதுத் துண்டு. அவனை நான் கறையில்லாத வேட்டியில் பார்த்ததே இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினான், கையைக் கழுவினான், உப்புச் சாக்குப் பக்கம் நின்று என்னைப் பார்த்தான். சும்மா நின்றான்.

"போட வேண்டியதுதானல?"

"நீங்க சொல்லல அண்ணாச்சி."

"ஒம்பது கை."

போட்டான். நேற்று நான் எண்ணினேன். எட்டு. ஒன்பதாவதற்குக் கையை விட்டவன், அண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதியைச் சாக்கிலேயே உதறிவிட்டான்.

"எட்டரைதான போட்ட?"

"அண்டாவுல தண்ணி அளவப் பாத்துத்தான் போடணும். நீங்க ஒம்பதும்பிய. நா எட்டரையும் போடுவேன், பத்தும் போடுவேன்."

"இருவத்திரெண்டு வருஷமாவா?"

"பின்ன?"

"அப்பம் நா என்னத்துக்குல அங்கன நிக்கேன்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். நான் கேட்டது அவனுக்கு விளையாட்டாகப் படவில்லை. "தெரியல அண்ணாச்சி. ஆனா நீங்க 'போடு'ன்னு சொல்லாம எனக்குக் கை எழும்பாது. நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு கல்யாணத்துக்குத் தனியாப் போனேம்லா? உப்பு கரிச்சிட்டு. உங்ககிட்ட சொல்லல."

வெளியே நாதஸ்வரம் கேட்டது. அவன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினான். சந்தனத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பிரமு தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அத்தனை ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைத் திருப்பவில்லை.

முதல் இலை பிள்ளையாருக்கு. அதன் பிறகு ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. மற்றது எனக்குத் தெரியாது. இலைகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

நாளைக்கு டாக்டர் அம்மாவிடம் போக வேண்டும். பிரமுவும் வருகிறாள். நோட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். பாட்டில்களைக் காட்டினேன். வாரக்கணக்கில் தொடாமல் கிடந்தவை. "நீ ஒரு தடவை மோந்து பாரு" என்றேன்.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். எலுமிச்சைத் தோல் காய்ந்து பூஞ்சை பிடித்திருந்தது. காப்பித்தூள் கட்டி தட்டியிருந்தது. தைலத்தின் மூடி சரியாக மூடாமல் பாதி பறந்துவிட்டது. கிராம்பில் மட்டும் கொஞ்சம் மணம் இருக்கிறதாம்.

"இத எப்ப மாத்துனீய?"

"மாத்தல."

"ஜூன்ல இருந்தா? மணமே இல்லாதத மோந்து மோந்து பாத்துட்டு, இல்ல இல்லன்னு எழுதி வச்சிருக்கீய?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு எழுந்துபோய்ப் புது எலுமிச்சம்பழத்தைச் சீவினாள். காப்பித்தூள் மாற்றினாள். கிராம்பு மாற்றினாள்.

மாலை: கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை. தைலம் நாளைக்கு வாங்க வேண்டும். காப்பித்தூள் இல்லை. மூன்றும் அவள் முகர்ந்து பார்த்துக் கொடுத்தது.